பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைக்குத் தங்க இடம் எங்கே?

உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் காலம் நம் பங்குகளில் மகிழ்ச்சியின் காலம். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளுக்காக நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது. பாடசாலை மதிலில் பதாகை கட்டப்படுகிறது. உறவினர்கள் வாழ்த்துச் சொல்ல வருகிறார்கள். ஆனால் சில மாதங்களில் அதே வீட்டில் இன்னொரு கேள்வி எழுகிறது. பிள்ளை அங்கே எங்கே தங்கப்போகிறது?

இக்கேள்விக்கு நாம் போதிய கவனம் கொடுப்பதில்லை. அனுமதி கிடைத்ததோடு பெரிய காரியம் முடிந்துவிட்டது, தங்குமிடம் எப்படியோ அமைந்துவிடும் என்று எண்ணுகிறோம். உண்மையில் ஒரு பிள்ளை பட்டத்தோடு திரும்புவதும் பாதியில் திரும்புவதும் பல வேளைகளில் ஒரு கட்டிலிலும் ஓர் அறையிலுமே தங்கியிருக்கின்றன.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் தூரத்துப் பல்கலைக்கழகங்களுக்குப் போவது அவர்களது விருப்பத்தினால் மட்டும் அன்று. இலங்கையின் அனுமதி முறையே அவ்வாறு அமைந்துள்ளது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமான இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. இதனால் மன்னார் மாணவி மாத்தறையில் உள்ள ருகுணு பல்கலைக்கழகத்துக்கும், நுவரெலியா மாணவன் யாழ்ப்பாணத்துக்கும், காலி மாணவன் வந்தாறுமூலைக்கும் அனுப்பப்படுகிறார்கள். பின்தங்கிய மாவட்டப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிடும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் வீட்டிலிருந்து 300 கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு பிள்ளையை அனுப்பும் அரசு, அப்பிள்ளை தலைசாய்க்க இடம் தரவும் கடமைப்பட்டிருக்கிறது. 1945 இல் தொடங்கிய இலவசக் கல்வியில் விடுதிக் கட்டிலும் ஒரு பகுதியே. அதைச் சலுகையாக எண்ணுவது தவறு.

தொடக்கத்தில் இந்த எண்ணம் இருந்தது. 1942 இல் கொழும்பில் ஆரம்பமான இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு மாறியபோது, முதல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ் அதை ஒரு வதிவிடப் பல்கலைக்கழகமாகவே அமைக்க விரும்பினார். ஒன்றாக வசித்து, ஒன்றாக உண்டு, ஒன்றாகக் கற்க வேண்டும் என்பதே நோக்கம். இராமநாதன், அருணாசலம் ஆகியோரின் பெயர் தாங்கிய விடுதிகள் இன்றும் அங்கே உள்ளன. பின்னர் பல்கலைக்கழகங்கள் பெருகின. யாழ்ப்பாணத்தில் 1974 இல் வளாகமும், கிழக்கில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியும் தோன்றின. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவர் தொகை உயர்ந்த வேகத்தில் விடுதிகள் உயரவில்லை. எனவே பொதுவாக முதல் வருடத்தவர்களுக்கும் இறுதி வருடத்தவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்து, நடுவில் உள்ளவர்களை வெளியே அறை தேடிக்கொள்ளச் சொல்வது வழக்கமாகிவிட்டது.

விடுதிக்குள்ளும் வெளியிலும்

விடுதிக் கட்டணம் மிகக் குறைவு. அதனால் ஏழைக் குடும்பங்கள் அதையே நம்பியிருக்கின்றன. ஆனால் நால்வருக்கான அறையில் அதற்கு மேற்பட்டோர் இருப்பதும், காலையில் குளியலறைக்கு வரிசையில் நிற்பதும், வறட்சிக் காலத்தில் தண்ணீர் இல்லாமல் தவிப்பதும் மாணவர்கள் வழக்கமாகச் சொல்லும் அனுபவங்கள். பல விடுதிகளில் சமைக்க அனுமதி இல்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியபோது, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மதியம் ஒரு பார்சலை இருவர் பகிர்ந்துண்ட பிள்ளைகள் பலர். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது சாப்பிட்டுவிட்டதாகவே சொன்னார்கள்.

வெளியே அறை எடுத்தால் செலவு வேறு. மாத வாடகை, முற்பணம், மின்சாரம், போக்குவரத்து என்று கணக்கு நீள்கிறது. 1981 இல் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் நீண்ட காலம் மாதம் 5,000 ரூபாவாகவே இருந்து, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவாக உயர்ந்தது. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. வேலை கிடைக்கும் நாட்களுக்கே அந்தச் சம்பளம். பல்கலைக்கழக ஊரில் ஓர் அறையின் வாடகைக்கு அவர் எத்தனை நாள் கூடை சுமக்க வேண்டும் என்பதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கல்வி தடைப்படும்போது இச்சுமை இரட்டிப்பாகிறது. 2024 மே 2 இல் கல்விசாரா ஊழியர்கள் தொடங்கிய பணிப்பகிஷ்கரிப்பு இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். வெளியே அறை எடுத்திருந்தவர்களோ படிப்பு நடக்காத மாதங்களுக்கும் வாடகை கட்ட வேண்டியிருந்தது. கட்டாவிட்டால் திரும்பி வரும்போது அறை இராது. ஊழியர்களின் சம்பளக் கோரிக்கையில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதன் விலையைச் சம்பளமே இல்லாத பிள்ளைகளின் பெற்றோரும் செலுத்தினார்கள்.

பகிடிவதையும் ஒரு கட்டிலும்

விடுதி என்றதும் பெற்றோரின் நெஞ்சில் எழும் பெரிய பயம் பகிடிவதை. அந்தப் பயம் காரணமற்றதன்று. 1975 இல் பேராதனையின் இராமநாதன் விடுதியில் ஒரு மாணவி பகிடிவதையிலிருந்து தப்ப மாடியிலிருந்து குதித்து முடமானார். 2002 இல் அவர் இறந்தார். 1997 இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் புதிதாக வந்த தமிழ் மாணவர் ஒருவர், கடுமையான உடற்பயிற்சிகளுக்கு வற்புறுத்தப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார். அதன் பின்னரே 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்வோருக்கு 2 வருடம் வரையும், பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ விளைவித்தால் 10 வருடம் வரையும் சிறைத்தண்டனை விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் 2025 ஏப்ரலில் சப்பிரகமுவ பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பகிடிவதை தொடர்பில் மாணவர்கள் சிலர் கைதாகினர்.

இத்தனை வருடங்களாகச் சட்டம் இருந்தும் ஏன் இது ஒழியவில்லை? மரபு, பயம், அரசியல், நிர்வாகத்தின் கண்டும் காணாத்தன்மை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றோடு தங்குமிடத்தையும் சேர்க்க வேண்டும். பகிடிவதைக்கு இணங்காத மாணவர் விடுதியில் ஒதுக்கப்படுகிறார். அவரோடு யாரும் பேசுவதில்லை, யாரும் உண்பதில்லை. வசதியுள்ள பிள்ளை இரண்டு வாரத்தில் வெளியே அறை எடுத்துப் போய்விடுகிறது. வசதியில்லாத பிள்ளைக்குப் போக இடமில்லை. முறைப்பாடு செய்த அன்றிரவும் அது அதே விடுதிக்குத்தான் திரும்ப வேண்டும். ஆகவே அது மௌனமாகிறது. வீட்டிலும் சொல்வதில்லை. சொன்னால் அம்மா அழுவா, அப்பா படிப்பை விட்டு வா என்பார் என்ற பயம். வேறு ஒரு கட்டில் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால்தான் ஒரு பிள்ளையால் துணிந்து "மாட்டேன்" என்று சொல்ல முடியும்.

பெற்றோருக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். "எல்லாப் பிள்ளைகளும் பொறுத்துக்கொள்ளுது, நீயும் பொறு" என்று சொல்லாதீர்கள். வார இறுதியில் தொலைபேசியில் பேசும்போது பரீட்சைப் புள்ளிகளை மட்டும் கேட்காமல், யாரோடு அறையில் இருக்கிறாய், இரவில் நித்திரை வருகிறதா, யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். இயலுமானால் முதல் தவணைக்குள் ஒரு முறையாவது நேரில் போய் விடுதிப் பொறுப்பாளரையும் மாணவர் ஆலோசகரையும் சந்தியுங்கள். பெற்றோர் வந்து விசாரிக்கும் பிள்ளையைத் துன்புறுத்தச் சிலராவது தயங்குவார்கள்.

"நீங்கள் எவடம்?"

அரசையும் நிர்வாகத்தையும் குறைகூறும் நாம் நம்மையும் பார்க்க வேண்டும். திருநெல்வேலி, கலட்டி, கொக்குவில், கோண்டாவில் பகுதிகளில் மாணவர்களுக்கு அறை வாடகைக்குக் கொடுக்கும் வீடுகள் பல. அவற்றில் தம் பிள்ளைபோல் பார்த்து, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கும் அம்மாமார் இருக்கிறார்கள். அவர்களை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் கதவைத் திறந்தவுடன் "நீங்கள் எவடம்?" என்று கேட்கும் வீடுகளும் உண்டு. அந்தக் கேள்வி ஊரை மட்டும் விசாரிப்பதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பதில் பிடிக்காவிட்டால் அறை நேற்றே கொடுபட்டுவிடுகிறது. மலையகத்திலிருந்து வந்த பிள்ளைகளும் இந்தக் கதவுகளில் நின்று திரும்பியிருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் அருகருகே முழந்தாளிடுவோர் வீட்டு வாசலில் இப்படி நடந்துகொள்ளலாமா?

இதே வேளையில் வெளிநாடுகளில் வாழும் நம் உறவுகளின் வீடுகள் பல ஆண்டுகளாகப் பூட்டிக்கிடக்கின்றன. வருடத்துக்கு ஒரு மாதத் திருவிழாவுக்காகத் திறக்கப்பட்டு, மற்ற மாதங்களில் காவலாளியின் பொறுப்பில் இருக்கின்றன. அதில் இரண்டு அறைகளை நியாயமான வாடகைக்கு, பொறுப்பான ஒருவரின் மேற்பார்வையில், மாணவிகளுக்குக் கொடுத்தால் வீடும் பழுதடையாது, பிள்ளைகளும் படிப்பார்கள்.

ஒரு சிறு மேல்மாடி அறை

அரசர்கள் இரண்டாம் நூலில் சூனேம் ஊர்ப் பெண் ஒருவரைச் சந்திக்கிறோம். தம் ஊர் வழியே போய்வரும் இறைவாக்கினர் எலிசாவுக்காக அவர் தம் கணவரிடம் பேசி, வீட்டின் மேல் ஒரு சிறு அறை அமைக்கிறார். அதில் அவர் வைத்தவை நான்கு பொருட்கள்: கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு. படிக்கும் பிள்ளைக்குத் தேவையானவையும் இந்த நான்கும்தான். அந்நியராக வந்தவரை ஏற்றுக்கொண்டோமா என்ற கேள்வி இறுதித் தீர்ப்பில் கேட்கப்படும் என்று மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் சொல்கிறார். புத்தகப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கும் முதல் வருட மாணவனும் அந்த அந்நியனே.

எனவே சில காரியங்களை நாம் செய்யலாம். பல்கலைக்கழகங்களுக்கு அண்மையில் உள்ள பங்குகளும் துறவற இல்லங்களும், இக்கட்டில் வரும் மாணவருக்கென இரண்டு மூன்று கட்டில்களையாவது எப்போதும் ஒதுக்கி வைக்கலாம். வருகிற பிள்ளை கத்தோலிக்கரா, சைவரா, முஸ்லிமா, பௌத்தரா என்று பார்க்க வேண்டியதில்லை. தெற்கே போகும் நம் பிள்ளைகளின் விபரத்தைப் பங்குத்தந்தையர் அங்குள்ள பங்குகளுக்கு முன்கூட்டியே அறிவிக்கலாம். வடகிழக்குக்கு வரும் சிங்கள மாணவர்களை நம் பங்குகள் தேடிப்போய் வரவேற்கலாம். அவர்களின் தாய்மாரும் நம் தாய்மாரைப் போலவே பயத்தோடுதான் பிள்ளையை அனுப்பியிருக்கிறார்கள்.

அரசிடம் நாம் கேட்பதும் தெளிவாக இருக்கட்டும். புதிய பீடங்களைத் திறக்கும்போதும் அனுமதி எண்ணிக்கையைக் கூட்டும்போதும் எத்தனை கட்டில்கள் கூடுகின்றன என்பதையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். முறைப்பாடு செய்த மாணவருக்கு அன்றே மாற்று அறை கொடுக்கும் ஏற்பாடு ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருக்க வேண்டும்.

வரும் வருடமும் வெட்டுப்புள்ளிகள் வெளியாகும். பதாகைகள் கட்டப்படும். அன்று வாழ்த்துச் சொல்லப் போகும் நாம், "தம்பி, தங்க இடம் சரியோ? பிள்ளை, அறை கிடைச்சிட்டுதோ?" என்றும் கேட்போம். இல்லை என்று பதில் வந்தால் அதை அந்தக் குடும்பத்தின் பிரச்சினையாக விட்டுவிடாமல் பங்கின் பொறுப்பாக ஏற்போம். சூனேம் பெண்ணின் உள்ளத்தை ஆண்டவர் நம் இல்லங்களுக்கும் தருவாராக.