எங்கள் ஊர்ப் பள்ளி தண்டனைக் கூடமா?

ஆசிரியர் ஒருவர் மீது புகார் வந்தால், ‘நிர்வாகக் காரணம்’ என்று எழுதி அவரைத் தொலைதூரப் பள்ளிக்கு மாற்றிவிடுவது கல்வித் துறையின் பழைய வழக்கம். அந்தத் தொலைதூரப் பள்ளியில் யார் படிக்கிறார்கள்? வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். மிஞ்சுவது கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், அதாவது எங்கள் பிள்ளைகள். சாதி பார்த்தார் என்று புகார் வந்தவரையும் இப்படியே அனுப்பினால், தண்டனை அவருக்கா, எங்கள் பிள்ளைகளுக்கா?

அதனால்தான், தண்டனையாக இல்லாமல் எல்லா ஆசிரியர்களுக்கும் பொதுவான சுழற்சி மாறுதல் வேண்டும் என்கிறோம்.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தலைமையாசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர் போன்ற பொறுப்புகளில் அந்தப் பகுதியின் பெரும்பான்மைச் சாதியினரை அமர்த்தக் கூடாது என்றது. வேங்கைவயல் நடந்த இந்த மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊர்ப் பெரிய மனிதர்களோடு உறவும் கொடுக்கல் வாங்கலுமாக இருபது வருடம் ஒரே பள்ளியில் இருப்பவரிடம், காலனிப் பிள்ளை தன் குறையை எப்படிச் சொல்லும்?

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வெகுகாலம் ஒன்றிய அளவில்தான் முன்னுரிமை இருந்தது. 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 அதை மாநில அளவுக்கு மாற்றியபோது சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. கைக்குழந்தையோடு வேறு மாவட்டத்துக்குப் போகப் பயப்படும் ஆசிரியையின் கவலை நியாயமானதுதான். நாங்கள் கேட்பது அதுவல்ல. மாவட்டத்துக்குள்ளேயே மாற்றுங்கள். புதுக்கோட்டை நகரில் சில ஆண்டுகள் இருந்தவர் மணமேல்குடி, ஆவுடையார்கோவில் பக்கம் சில ஆண்டுகள் பணியாற்றட்டும். திரும்பும் தேதியும் அவருக்கு முன்பே தெரியட்டும். கர்நாடகம் 2007லேயே இதற்குச் சட்டம் போட்டு, நகரம் முதல் தொலைதூரக் கிராமம் வரை பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்தது.

ஆனால் பதில் ஆள் வந்து சேராமல் யாரையும் பணிவிடுப்பு செய்யக் கூடாது. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அதில் ஒருவர் கலந்தாய்வில் இடம் வாங்கிப் போய்விட்டால், ஐந்து வகுப்பையும் ஒருவரே பார்க்க வேண்டும். அவரையும் மாற்றுப்பணி என்று வேறு பள்ளிக்கு அழைத்தால், அன்றைக்குப் பள்ளியே இல்லை.

இன்னொன்று வீடு. கிராமத்துக்கு மாற்றலாகி வரும் தலித் ஆசிரியர் ஊர்த்தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால், முதல் கேள்வியே ‘நீங்க எந்த ஆளுங்க?’ என்பதுதான். ஆகவே, மாறுதல் ஆணை போடும் முன்பே பள்ளிக்கு அருகில் ஆசிரியர் குடியிருப்பைக் கட்டுங்கள்.