கணனிப் பக்கம்: ஒரே வளவுக்குள் மூன்று வேலி



மொன்றியலில் ஜோன்-தலோன் வீதியிலும் கோட்-டே-நேஜ் பக்கமும் எம்மவர் பலர் சிறு கடை நடத்துகிறார்கள். அட்டை இயந்திரம், கமரா, வாடிக்கையாளருக்கான வைஃபை பெட்டி மூன்றையும் ஒரே சுவிச்சில் கொழுவி விடுகிறோம். அது வேலியில்லாத வளவு. யாரும் எங்கும் போய்வரலாம்.

2013இல் அமெரிக்காவின் ரார்கெற் கடைகளில் திருடர்கள் நுழைந்தது, குளிரூட்டி வேலை செய்த ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லைக் களவெடுத்துத்தான். அந்த வழியால் காசு இயந்திரங்கள் வரை போய்விட்டார்கள். சுமார் 4 கோடி அட்டைகளின் விபரம் களவு போனது. எங்கள் கடையில் அட்டை கொடுப்பவர்கள் அயலில் இருக்கும் எங்கள் சனம். அவர்களின் காசுக்கு நாங்கள்தான் காவல்.

இதற்கான வேலிதான் வி-லான். ஒரு சுவிச்சைப் பல தனிச் சுவிச்சுகள் போல நடக்க வைக்கும் முறை. இதற்கான 802.1 கியூ என்ற பொது விதி 1998இல் வெளிவந்தது.

சுவிச் வாங்கும்போது பெட்டியில் பிரெஞ்சில் 'ஜெரே' என்று இருக்கிறதா பாருங்கள். 'நோன் ஜெரே' என்றால் அதில் வேலி போட முடியாது. வாங்கியதும் கம்பனி போட்ட கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

பிறகு எண் கொடுங்கள். அட்டை இயந்திரத்துக்கு 10, கமராவுக்கு 20, வைஃபைக்கு 30. அந்தந்தப் போர்ட்டை அதன் எண்ணில் 'அன்ராக்ட்' ஆகச் சேர்த்து, பழைய எண் 1இலிருந்து நீக்குங்கள். பி.வி.ஐ.டி. என்ற இடத்திலும் புது எண்ணையே போடுங்கள். ரவுட்டருக்குப் போகும் போர்ட்டில் மூன்று எண்ணும் 'ராக்ட்' ஆக இருக்க வேண்டும். நீங்கள் இருந்து வேலை செய்யும் கணனியின் போர்ட்டைத் தொடாதீர்கள்; தொட்டால் திரை அறுந்துவிடும். முடிவில் 'சேவ்' செய்யுங்கள். சில சுவிச்சுகளில் சேவ் செய்யாவிட்டால், கரண்ட் நின்று வரும்போது செய்த வேலை முழுதும் அழிந்துவிடும்.

ரவுட்டர்தான் படலை. வி-லான் தெரிந்த ரவுட்டரிலும் மூன்று எண்ணையும் பதிய வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் வழியையும் அங்கேதான் அடைக்க வேண்டும். பல ரவுட்டர்கள் நாம் தடுக்கும் வரை படலையைத் திறந்தே வைத்திருக்கும்.

கடைசியாக, கைத்தொலைபேசியை வாடிக்கையாளர் வைஃபையில் இணைத்து கமராவின் முகவரியை அடித்துப் பாருங்கள். பக்கம் திறந்தால் படலை இன்னும் பூட்டப்படவில்லை. திறக்காவிட்டால் நிம்மதியாகக் கடையைப் பூட்டலாம்.