செக்கை வாங்குங்க, வெற்றுத்தாளில் கையெழுத்து போடாதீங்க!



2024 மே 30. திருவள்ளூர் பக்கத்தில் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை. பெயிண்ட் தயாரிக்கும் ஆலை ஒன்றில் தீப்பிடித்து ரசாயன பேரல்கள் வெடித்தன. நாலு உயிர் போனது. அதில் ஒருவர் அந்த ஆலையில் வேலை பார்த்தவரே இல்லை. அந்த வழியாகப் போனவர், அவ்வளவுதான்.

அம்பத்தூரில், ஆவடியில், பூந்தமல்லியில் இருக்கும் நமக்கு காக்களூர் ஏதோ தூரத்து ஊர் இல்லை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் அதே ரயில் பாதைதான். காலையில் திருவள்ளூர் லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு பட்டறைக்கோ ஆலைக்கோ போகிறவர்கள்தான். நம்ம எஸ்டேட்டுகளிலும் தின்னர் பேரல் இருக்கிறது, கேஸ் சிலிண்டர் இருக்கிறது, பாய்லர் இருக்கிறது. சுவரை ஒட்டியே வீடுகளும் இருக்கின்றன.

விபத்து நடந்ததும் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். தீயணைப்பு வண்டி, கேமரா, இரங்கல் அறிக்கை, நிவாரண செக். எல்லாக் கட்சிக்காரர்களும் வருகிறோம். நாமும்தான். மாலை போட்டு, போட்டோ எடுத்துப் பதிவும் போட்டுவிடுகிறோம். பதினாறாம் நாள் முடிந்தபிறகு அந்த வீட்டுக்கு யார் போகிறோம்? காண்டிராக்டரின் ஆள் போகிறான். "இந்தா ஒரு லட்சம், இதில் ஒரு கையெழுத்து போடும்மா, இனிமேல் எந்த கேஸும் வேண்டாம்" என்கிறான். அந்தக் கையெழுத்தைத் தடுப்பதுதான் நம்ம வேலை என்பதைச் சொல்லவே இந்தத் தலையங்கம்.

முதல் விஷயம். நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. முதல்வர் நிவாரண நிதியோ பிரதமர் நிதியோ அரசு மனமிரங்கிக் கொடுப்பது. இழப்பீடு என்பது முதலாளி சட்டப்படி தரவேண்டிய கடன். ஒன்றை வாங்கினால் இன்னொன்று போய்விடாது. தைரியமாக வாங்குங்க.

கடன் எவ்வளவு? 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கணக்கே போட்டு வைத்திருக்கிறது. இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதி, அதை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளம் 15,000 என்றால் பாதி 7,500. பெருக்கினால் 15 லட்சத்து 59 ஆயிரத்து 850 ரூபாய். ஒரு லட்சத்துக்குக் கையெழுத்து கேட்கிறவனுக்கு இந்தக் கணக்கு தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வருஷத்துக்கு 12 சதவீத வட்டி. தகுந்த காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் ஆணையர் விதிக்கலாம். (25,000 வாங்கியவரையும் 15,000 என்றுதான் கணக்கில் எடுப்பார்கள். 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு அது. அதை உயர்த்தச் சொல்லிக் கேட்க வேண்டியது தனிப் போராட்டம்.)

சாவு கேஸில் இந்தப் பணத்தை முதலாளி குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்து முடிக்க முடியாது. இழப்பீட்டு ஆணையரிடம், அதாவது அந்தப் பொறுப்பில் இருக்கும் தொழிலாளர் துறை அதிகாரியிடம் கட்டவேண்டும். அவர்தான் பிரித்துக் கொடுப்பார். உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஏற்கெனவே ஏதாவது கையெழுத்து போட்டுவிட்டீர்களா? பயப்பட வேண்டாம், கதவு மூடிவிடவில்லை. ஆனாலும் போடாமல் இருந்தால் நல்லது. அந்தப் பேப்பரைக் காட்டியே மூணு வருஷம் இழுப்பார்கள்.

"தப்பு அவன் மேலதான், ஹெல்மெட் போடல, சொன்ன பேச்சைக் கேட்கல" என்று கம்பெனி சொல்லும். உயிரிழப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த வாதம் எடுபடாது. முதலாளியின் தப்பை நாம் நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேலையில் இருந்தபோது, வேலையால் நடந்தது என்று காட்டினால் போதும்.

அடுத்த தகராறு "அவர் எங்க ஆளே இல்லை, காண்டிராக்ட் ஆளு" என்பது. காண்டிராக்டர் போன் அன்றைக்கே ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும். சட்டத்தின் 12-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. யாருடைய தொழிலுக்காக, யாருடைய இடத்தில் வேலை நடந்ததோ அந்த முதன்மை முதலாளியிடமே கேட்கலாம். அவர் கட்டிவிட்டு காண்டிராக்டரிடம் வசூல் பண்ணிக்கொள்ளட்டும். அது அவங்க பிரச்சனை.

இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் வழி வேறு. 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. அங்கே மொத்தத் தொகை கிடையாது, மாதாமாதம் பணம் வரும். சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் என்பது முழு அளவு, அதில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு, மொத்தம் முழு அளவைத் தாண்டாமல். இஎஸ்ஐ உள்ளவர் 1923 சட்டத்தில் தனியாகக் கேட்க முடியாது. முதலாளி பேரையே பதியவில்லை என்றாலும் விட்டுவிடாதீங்க. இஎஸ்ஐ கழகம் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிஎஃப் பிடித்திருந்தால் அதோடு சேர்ந்த காப்பீடு 7 லட்சம் வரை, குடும்ப ஓய்வூதியம் தனி. இதைப் பல குடும்பங்கள் கேட்பதே இல்லை.

அந்த வழியாகப் போன மனிதரின் வீட்டுக்கு இந்த இரண்டு சட்டமும் உதவாது. அபாயகரமான பொருளால் வெளியாட்களுக்கு நேரும் சாவுக்கும் காயத்துக்கும் 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, மனு கலெக்டரிடம். சேப்பாக்கம் கலஸ் மஹாலில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இரண்டுக்கும் ஐந்து வருஷ அவகாசம். விருதுநகர் மாவட்டம் அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-இல் பட்டாசு ஆலை வெடித்தபோது, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் தரச் சொன்னது பசுமைத் தீர்ப்பாயம்தான். நெய்வேலியில் 2020 ஜூலை 1-இல் பாய்லர் வெடித்தபோதும் அது 5 கோடி இடைக்கால அபராதம் போட்டது.

நெய்வேலியில் இன்னொரு பாடமும் உண்டு. அன்றைக்கு இறந்தவர்கள் ஆறு பேர். அதற்குப் பிறகு மருத்துவமனையில் ஒவ்வொருவராகப் போனார்கள். தீக்காயம் அப்படித்தான். கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டு வாசலில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அதனால் "காயம்பட்டவர்" என்று ஒரு தொகைக்கு அவசரப்பட்டு முடித்துக்கொள்ளக் கூடாது.

வெளிமாநிலத் தோழர்கள் பற்றியும் சொல்லணும். தெலங்கானா பாஷமைலாரத்தில் 2025 ஜூன் 30 அன்று மருந்து ஆலை வெடித்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். நிறையப் பேர் பீகார், ஒடிசா, உ.பி.க்காரர்கள். சிலருடைய உடலே கிடைக்கவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் அங்கேயே எத்தனை மாதம் காத்திருப்பார்கள்? அம்பத்தூர் லைன் வீடுகளில் பத்துப் பேர் ஒரே ரூமில் தங்கியிருக்கும் பையன்களுக்கு இப்படி ஏதாவது ஆனால், மனைவி ஊரிலிருந்தபடியே, அவர் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையரிடமே மனு போடலாம். இதை ஹிந்தியில், ஒடியாவில் சொல்ல ஆள் வேண்டும். நம்ம கிளைகளில் மொழி தெரிந்தவர்கள் பெயர் கொடுங்க.

வக்கீல் பீஸ்? அதற்காகத்தான் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். தொழிற்சாலைப் பேரழிவில் சிக்கியவர், ஆலைத் தொழிலாளி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது, வக்கீல் இலவசம். போன் 15100. ஒரு சின்னக் குழப்பம்: அம்பத்தூர் 2018-இலிருந்து சென்னை மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். வாரிசுச் சான்றுக்கு எந்தத் தாசில்தார், மனுவுக்கு எந்த அலுவலகம் என்று குடும்பத்தை அலையவிடாமல் கூடவே போங்க. எஃப்ஐஆர் நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், கேட் பாஸ், சம்பளம் ஏறிய பேங்க் பாஸ்புக், போனில் இருக்கும் வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் முதல் வாரமே போட்டோ எடுத்து வைங்க. கரி பிடித்த அடையாள அட்டையைக்கூடத் தூக்கிப் போட்டுவிடாதீங்க.

2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய தொழிலாளர் சட்டங்கள் ஒன்றிய அரசின் நான்கு தொகுப்புகளுக்குள் போய்விட்டன. தொகுப்புகள் மேல் நமக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு, அது வேறு நாள் பேசுவோம். இழப்பீட்டு உரிமை அங்கேயும் இருக்கிறது. உயிரிழப்புக்கு முதலாளிக்குப் போடும் அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குத் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரமும் இருக்கிறது. அதை வக்கீல் கேட்டால்தான் வரும்.

அரசிடம் நாம் கேட்பது பெரிசா ஒன்றுமில்லை. வெடிப்பு நடந்த 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி வாசலிலேயே சட்ட உதவி மேசை. மரணச் செய்தி வந்ததுமே, குடும்பம் மனு போடுகிற வரை காத்திருக்காமல், முதலாளிக்கு ஆணையர் நோட்டீஸ் அனுப்பட்டும். பழைய சட்டமே 10-ஏ பிரிவில் இதைச் சொல்லியிருந்தது.

இழப்பீட்டு மனுவுக்கு இரண்டு வருஷம்தான் கெடு. காக்களூர் விபத்துக்கு அந்தக் கணக்கு 2026 மே 30. தாண்டிவிட்டாலும் தகுந்த காரணம் காட்டினால் ஆணையர் ஏற்கலாம். உங்க தெருவில், உங்க கம்பெனியில் இப்படி நின்றுபோன கேஸ் ஏதாவது இருந்தால், எத்தனை பழசாக இருந்தாலும் சரி, பேரை கமெண்டில் போடாமல் பக்கத்துக்கு மெசேஜ் அனுப்புங்க.