துல்லியமான கணிப்பு மட்டும் போதுமா?

"இருப்பதிலேயே துல்லியமான ஹியூரிஸ்டிக்கைத் தேர்ந்தெடு, மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்." ஃபாஸ்ட் டவுன்வர்ட் போன்ற திட்டமிடல் மென்பொருளைத் தொடும் மாணவர்கள் பலர் நம்பும் பாடம் இது. இலக்கை அடைய இன்னும் எவ்வளவு செலவாகும் என்று உத்தேசமாகச் சொல்வதே ஹியூரிஸ்டிக். அது உண்மையை நெருங்க நெருங்கத் தேடல் சுருங்கிவிடுமாம்.

எப்போதும் அப்படிச் சுருங்கிவிடாது. மால்ட்டே ஹெல்மெர்ட்டும் காப்ரியேலே ரோகரும் 2008இலேயே இதைக் கணித முறையில் காட்டிவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட 'கிரிப்பர்' கணக்கில், இரண்டு கைகள் கொண்ட ரோபோ ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் பந்துகளை மாற்ற வேண்டும். பந்துகள் 20 என்று வைப்போம். எந்த இரண்டை முதலில் எடுத்தாலும் செலவு ஒன்றே. ஆகவே இரட்டைப்படை எண்ணிக்கையில் எந்தப் பந்துகள் இடம் மாறியிருந்தாலும், அந்த நிலை ஏதோ ஒரு சிறந்த வழியில்தான் இருக்கும். அப்படிப்பட்ட நிலைகள் மட்டும் 5 லட்சத்துக்கு மேல். கணிப்பு உண்மையைவிட ஒரே ஒன்று குறைந்தாலும் ஏ-ஸ்டார் என்ற தேடல் முறை அத்தனையையும் விரித்துப் பார்த்தாக வேண்டும். பந்து ஒன்று கூடினால் எண்ணிக்கை இரட்டிக்கும். இங்கே தேவை, ஒரே மாதிரியான நிலைகளை ஒன்றாகக் கருதும் சமச்சீர்க் கத்தரிப்பு. அது ஹியூரிஸ்டிக்கிலிருந்து வேறான ஓர் அமைப்பு.

துல்லியத்துக்கு விலையும் உண்டு. எல்எம்-கட் என்ற துல்லியமான ஹியூரிஸ்டிக் ஒவ்வொரு நிலைக்கும் பெரிய கணக்குப் போடுகிறது. சிறிய கணக்குகளில் கணிப்பே இல்லாத குருட்டுத் தேடல் அதற்குள் முடித்துவிடும்.

"ஏ-ஸ்டார் போட்டாலே சிக்கனமான திட்டம் உறுதி" என்பதும் தவறு. கணிப்பு உண்மைச் செலவை மிஞ்சாதபோதுதான் அந்த உறுதி. எஃப்எஃப் என்ற ஹியூரிஸ்டிக் மிஞ்சக்கூடியது. ஏ-ஸ்டாரையும் அதையும் சேர்த்து ஓட்டினால் மென்பொருள் தடுக்காது, திட்டமும் வரும். அதை உகந்த திட்டம் என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் பிழை.

ஒவ்வொரு செயலின் செலவு விவரத்தையும் கணிப்பில் சேர்த்தால் நல்லதுதானே என்பார்கள். 2008 சர்வதேசத் திட்டமிடல் போட்டியில் வென்ற லாமா என்ற திட்டமிடல் மென்பொருளை உருவாக்கிய சில்வியா ரிக்டரும் மத்தியாஸ் வெஸ்ட்ஃபாலும் 2010இல் அதைச் சோதித்தார்கள். சில களங்களில் செலவையே பாராத தேடல் மிக அதிகமான கணக்குகளைத் தீர்த்தது. லாமாவின் 2011 பதிப்பு முதல் சுற்றில் செலவைப் பொருட்படுத்துவதில்லை. எப்படியாவது ஒரு திட்டத்தைப் பிடித்துவிட்டு, பிறகு தேடலில் கணிப்புக்குத் தரும் எடையை 5, 3, 2, 1 என்று படிப்படியாகக் குறைத்து அதைச் சிக்கனமாக்குகிறது.