கருத்துக் கேட்கிறார்களாம்... யாரிடம்?



2020 ஏப்ரல் மாதம் ஞாபகம் இருக்கிறதா? ஊரடங்கு. தக்காளி பறிக்க ஆளில்லை, பறித்ததை ஏற்ற வண்டியில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மத்திய அரசு நம்மிடம் கருத்துக் கேட்டது! சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை பற்றி 60 நாளில் சொல்லுங்கள் என்றது. தண்டோரா போட்டார்களா? பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் தமிழில் ஒட்டினார்களா? இணையதளத்தில் இங்கிலீஷிலும் இந்தியிலும் போட்டார்கள். பதிலை ஈமெயிலிலோ, டெல்லிக்குத் தபாலிலோ அனுப்ப வேண்டுமாம்.

நம்ம காட்டுக்குப் பக்கத்தில் சுரங்கமோ ஆலையோ வருகிறதென்றால் மக்கள் கருத்துச் சொல்ல 2006 அறிவிக்கை 30 நாள் தருகிறது. அதை 20 நாளாகக் குறைக்கும் சங்கதி அந்த வரைவில் இருந்தது. நம்ம வாயைக் கட்ட நம்மகிட்டயே கருத்து, அதுவும் நமக்குப் புரியாத பாஷையில்!

22 மொழியிலும் 10 நாளில் வெளியிடு, ஆகஸ்ட் 11 வரை அவகாசம் கொடு என்று 2020 ஜூன் 30-ல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசோ உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போனது. மொழிபெயர்க்க ஆளா இல்லை?

2014-ல் மத்திய அரசே வகுத்த கொள்கை, சட்ட வரைவுகளுக்குக் குறைந்தது 30 நாள் என்கிறது. 2020 மின்சாரத் திருத்த வரைவுக்கு முதலில் கொடுத்தது 21 நாள். நம்ம பம்புசெட் இலவச மின்சாரம் சம்பந்தப்பட்ட விஷயம்ங்க அது.

இணையமே வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. பட்டா, சிட்டா செல்போனிலேயே பார்க்கிறோமே! ஆனால் கருத்துச் சொல்லப் போனால் ஓ.டி.பி. வரும்; சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறுவதற்குள் நேரம் முடிந்துபோகும். கோணல்மாணலாக எழுத்தைக் காட்டி 'நீ மனுசன்தானா' என்று கேட்கும். எல்லாம் தாண்டி அனுப்பினாலும் யார் படித்தார் என்று ஒரு தகவல் கிடையாது. கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தாலாவது ஒரு ரசீது மிஞ்சும்.

சத்தீஸ்கரைப் பாருங்கள். 2010-ல் சுப்ரான்சு சௌத்ரி என்ற பத்திரிகையாளர் 'சிஜிநெட் ஸ்வரா' தொடங்கினார். பட்டன் செல்போன் போதும். ஒரு நம்பருக்கு மிஸ்டுகால் கொடுத்தால் அதுவே திருப்பிக் கூப்பிடும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, கோண்டி மொழியிலேயே பேசலாம். கைப்பம்பு ஓடவில்லை, நூறுநாள் வேலைக் கூலி வரவில்லை என்று ஆதிவாசி மக்கள் பேசினார்கள். அதைச் சரிபார்த்து எல்லாரும் கேட்கும்படி விட்டார்கள். அதிகாரியின் நம்பரையும் சேர்த்துச் சொன்னார்கள். கேட்டவர்கள் அவருக்கே போன் போட்டார்கள். ஒரு பத்திரிகையாளர் காட்டுக்குள் செய்ததை, இத்தனை ஐ.ஏ.எஸ். வைத்திருக்கும் அரசாங்கம் செய்ய முடியாதா?

விவசாயியைத் தொடும் எந்த வரைவும் தமிழில் வரட்டும். வாயால் சொல்லிப் பதிய இலவச நம்பர் கொடு, பதிந்ததற்கு எண் கொடு. கிராம சபையில் வாசித்துக் காட்டி, அங்கே சனங்கள் சொல்வதையும் கணக்கில் சேர்!

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். 'இது நம்ம அதிகாரத்தில் இல்லையே' என்பார் தலைவர். பரவாயில்லை, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நகல் வாங்கிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். எழுதாத வெற்றுப் பக்கத்தில் மட்டும் யாரும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.