டி.எம். சீட்டில் பாதி யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு தம்பி, இப்போது டாக்டர், சென்ற வாரம் ஒரு பதிவைப் பகிர்ந்திருந்தார். டி.எம்., எம்.சிஎச். போன்ற உயர் சிறப்புப் படிப்புகளில் அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்குத் தமிழ்நாடு 50 சதவீதம் ஒதுக்குவது தகுதியைக் குழிதோண்டிப் புதைப்பதாம். கீழே ஏகப்பட்ட கைதட்டல். அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன், அடங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கேஸ்ட்ரோ டாக்டரையே எடுத்துக்கொள்வோம். குடல், இரைப்பை, கல்லீரல் பார்ப்பவர். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.டி. 3 வருடம், அதற்கு மேல் டி.எம். 3 வருடம். ஆக பதினொன்றரை வருடப் படிப்பு. கடைசி மூன்று வருடம் பெரும்பாலும் கைப்பழக்கம். வாய் வழியாகக் குழாயை இறக்கி, இரத்தம் பீறிடும் இடத்தைக் கண்டுபிடித்து, ரப்பர் வளையம் மாட்டி நிறுத்த வேண்டும். பித்தக்குழாயில் சிக்கிய கல்லை எடுக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்து இது வராது. ஒருவர் உடம்பில் செய்து செய்துதான் வரும்.

யார் உடம்பில்? ஸ்டான்லியிலும், ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும், மதுரையிலும் வந்து படுத்திருக்கும் சித்தாள், மீனவர், லாரி டிரைவர் உடம்பில்தான். நாங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துத்தான் பாடம் நடத்தப் பழகினோம். அதற்குப் பதிலாக அரசு எங்களைக் கிராமத்துக்கே அனுப்பியது. பஸ் போகாத ஊருக்கும் போனோம். அது ஒரு நியாயமான கணக்கு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இந்தக் கணக்கு 2017-ல் உடைந்தது. நீட் எஸ்.எஸ். என்ற ஒரே தேர்வு வந்து, மாநில அரசு தன் பணத்தில் கட்டி வளர்த்த கல்லூரிகளின் டி.எம். இடங்கள் எல்லாம் மத்தியக் கலந்தாய்வுக்குப் போயின. மாநில அரசுகள் பணியில் உள்ள டாக்டர்களுக்கு மேற்படிப்பில் தனி வழி வைக்கலாம் என்று 31.8.2020 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதை வைத்து 7.11.2020 அன்று தமிழ்நாடு அரசாணை 462-ஐப் போட்டது. இருபதே நாளில், 27.11.2020 அன்று, அந்த ஆண்டுக்கு மட்டும் அது கூடாது என்று உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. பிறகு 16.3.2022 அன்று 2021-22-ம் ஆண்டுச் சேர்க்கைக்குப் பாதி இடத்தை நிரப்பிக்கொள்ள அனுமதி கொடுத்தது. பாதியை மீட்கவே இவ்வளவு பாடு.

இனி தகுதிக்கு வருவோம். இந்தப் பாதிக்குள் வருபவர் தேர்வு எழுதாமல் வந்தவரா? அவரும் அதே எம்.டி. முடித்து, அதே நீட் எஸ்.எஸ். எழுதித் தேறி, அந்தத் தர வரிசைப்படிதான் இடம் வாங்குகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்த்துக்கொண்டே, பாம்புக்கடிக்கு ஊசி போட்டுக்கொண்டே படித்தவர். கோச்சிங் சென்டரில் உட்கார்ந்து முழு நேரமும் படித்தவரைவிட சில மார்க் குறைந்தால் தகுதி போய்விட்டதா? எங்கள் துறையில் முதுகலை ஆசிரியர் பணியிடத்தில் பாதி நேரடி நியமனம், பாதி பதவி உயர்வு. அதனால் பிளஸ் டூ பாடம் கெட்டுவிட்டது என்று யாரும் மனு போட்டு நான் பார்த்ததில்லை.

'இடங்கள் காலியாகப் போகின்றனவே' என்பது அடுத்த வாதம். உண்மைதான், ஆள் கிடைக்காமல் சில இடங்கள் மத்தியக் கலந்தாய்வுக்குத் திரும்புகின்றன. ஆனால் நாடு முழுக்கக் காலியாகக் கிடப்பது பெரும்பாலும் இதய அறுவை, குழந்தைகள் அறுவை போன்ற படிப்புகள். கேஸ்ட்ரோவுக்கு அடிதடி. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை, எண்டோஸ்கோபிக்குத் தனியாரில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று போய்க் கேளுங்கள்.

வடக்கிலிருந்து வந்து படிக்கும் டாக்டர்களை நான் குறை சொல்லவில்லை. ராத்திரி பகலாக உழைக்கிறார்கள். படித்து முடித்ததும் மாநிலத்துக்குச் சில காலம் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் செல்லும் என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் காலம் முடிந்ததும் அவர் ஊருக்குப் போவார், போகத்தான் செய்வார். 'நெஞ்சு கரிக்குது', 'வயிறு மந்தமா இருக்கு', 'சுருக்கு சுருக்குன்னு குத்துது' என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு நோய் என்று பிடிபடும் நேரத்தில் கிளம்பிவிடுவார். அரசு டாக்டர் ஓய்வு பெறும்வரை இங்கேதான் இருப்பார்.

இதுவரை எழுதியதைப் படித்து அரசும் டாக்டர் சங்கங்களும் சந்தோஷப்பட வேண்டாம். எனக்கு அவர்களோடும் வழக்கு இருக்கிறது.

2020 தீர்ப்பில் இன்னொரு பாதி உண்டு. இந்தத் தனி வழியில் மேற்படிப்பு படித்தவர்கள் கிராமம், மலை, பழங்குடிப் பகுதிகளில் ஐந்து வருடமாவது வேலை செய்யும்படி மாநிலங்கள் ஒப்பந்தம் வாங்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். இடம் கேட்கும்போது 'கிராமத்து ஏழை' என்று வாதாடினோம். இடம் கிடைத்த பிறகு அந்த ஏழை எங்கே போனான்?

கல்லீரல் சுருங்கியவருக்கு உணவுக்குழாயின் அடியில் இரத்தக் குழாய்கள் புடைத்துக்கொள்ளும். ஒருநாள் வெடிக்கும். வாளி வாளியாக இரத்த வாந்தி. 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்ய வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதி. மணமேல்குடியில், கோட்டைப்பட்டினத்தில், ஆவுடையார்கோயிலில் ராத்திரி பத்து மணிக்கு ஒருவருக்கு இப்படி ஆனால், குழாய் பிடிக்கத் தெரிந்த கை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதுதான் அவர் உயிர். 2003-லிருந்து சாராயச் சில்லறை விற்பனையை அரசே நடத்துகிறது. ஒன்றியம் ஒன்றியமாகக் கடை, கடைக்கு ஆள், ஆளுக்குப் பணியிடம் எல்லாம் இருக்கிறது. கல்லீரலைக் கெடுக்க இத்தனை பணியிடம் உருவாக்கத் தெரிந்த அரசுக்கு, அதைப் பார்க்க மாவட்டத்துக்கு இரண்டு பணியிடம் உருவாக்கத் தெரியாதா?

பணியிடம்தான் முடிச்சு. டி.எம். முடித்தவரை அந்தத் துறைக்கு இடம் அனுமதித்த கல்லூரியில்தான் போட முடியும். துறையே இல்லாத கல்லூரிக்கு அவர் விரும்பினாலும் வர முடியாது. எங்கள் முள்ளூரில் 9.6.2017 அன்று மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், 150 எம்.பி.பி.எஸ். இடம். மகிழ்ச்சி. இப்படி மாவட்டங்களில் இருக்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் இரண்டு கேஸ்ட்ரோ டாக்டர், ராத்திரியிலும் திறந்திருக்கும் எண்டோஸ்கோபி அறை, அதற்குப் பழகிய நர்ஸ், டெக்னீசியன் என்று ஒரே அரசாணையில் போடலாம். 462 போட்ட கைக்கு இது முடியாத வேலை இல்லை.

2022-ல் அந்த 50 சதவீதத்தில் சேர்ந்த முதல் அணி 2025-ல் படிப்பை முடித்திருக்கும். அவர்களில் கேஸ்ட்ரோ படித்தவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் இன்று எந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், திருச்சிக்குத் தெற்கே எத்தனை பேர், இதை அரசு ஊர்ப் பெயரோடு வெளியிட வேண்டும். நம் மாவட்டத்துக்கு ஆறு எம்.எல்.ஏ.க்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, ஒருவராவது அடுத்த மானியக் கோரிக்கையில் எழுந்து இந்தப் பட்டியலைக் கேட்கட்டும்.