மருந்துக்கும் விருந்துக்கும் ஒரே நோட்டு

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் சமையல் குறிப்பும் கைமருந்துக் குறிப்பும் ஒரே கையெழுத்து நோட்டில்தான் இருந்தன. பழப்பாகு காய்ச்சிய அடுப்பிலேயே இருமல் மருந்தும் கொதித்தது. சர்க்கரையே அன்று பாதி மருந்துச் சரக்கு. 1651இல் தொடங்கப்பட்ட ஆன் ஃபேன்ஷா சீமாட்டியின் நோட்டு இப்போது லண்டன் வெல்கம் நூலகத்தில் இருக்கிறது. கணவர் ஸ்பெயினில் தூதராக இருந்தபோது மாட்ரிட்டில் சேர்த்த குறிப்புகளும் அதில் உண்டு. ஆங்கிலத்தில் கிடைக்கும் மிகப் பழைய ஐஸ்கிரீம் குறிப்புகளில் ஒன்றும் அதிலேயே வருகிறது. ஜாதிபத்திரியோ ஆரஞ்சுப் பூ நீரோ மணமூட்டிய பாலேட்டைப் பனிக்கட்டிக்குள் வைக்கச் சொல்லும் அந்தக் குறிப்பு, பனிக்கட்டியில் உப்புப் போடுவதைச் சொல்லவில்லை. உப்பில்லாமல் அது சரியாக உறைந்திருக்காது! இத்தகைய நோட்டுகளின் ஓரங்களில் குறிப்பைத் தந்தவர் பெயர் இருக்கும்; அவர் உறவினராகவோ மருத்துவராகவோ இருக்கலாம். செய்து பார்த்துப் பலித்தது என்ற சான்றும் சில இடங்களில் உண்டு. சில குறிப்புகள் அடிக்கப்பட்டிருக்கும். அச்சிட்ட சமையல் நூல்கள் தராத தகவல் இந்த அடித்தல்களில்தான் கிடைக்கிறது. ஃபேன்ஷா நோட்டு 1678இல் மகள் கேத்தரின் கைக்குப் போனது. அதன் பிறகும் அதில் புதிய குறிப்புகள் ஏறின.